ஆர்டிசி மாட்யூல் தவறான நேரம் காட்டும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அர்டுயினோ, இஎஸ்பி32 போன்ற போர்டுகளுடன் டிஎஸ்1307 அல்லது டிஎஸ்3231 சில்லு கொண்ட ஆர்டிசி (நிகழ்நேரக் கடிகாரம்) மாட்யூலை இணைத்தவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. நேரம் தவறாக வந்தவுடன் மாட்யூலைக் குறை சொல்லிப் புதிது வாங்கிவிடுவது பலரது வழக்கம். ஆனால், திரையில் தோன்றும் அந்தத் தவறான எண்ணை நிதானமாகப் பார்த்தால், பிழை கம்பியில் இருக்கிறதா, பேட்டரியில் இருக்கிறதா, நிரலில் இருக்கிறதா என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். அதனால் கீழே உள்ள கேள்விகள், திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்தே தொகுக்கப்பட்டுள்ளன.

நேரம் 165:165:85 என்றும் ஆண்டு 2165 என்றும் வருகிறது. சில்லு பழுதாகிவிட்டதா?

பழுதாகியிருக்க வேண்டியதில்லை. சில்லு உங்கள் போர்டுக்குப் பதிலே சொல்லவில்லை என்பதுதான் இதன் பொருள். பதில் வராதபோது அர்டுயினோவின் ஐ2சி (இரண்டு கம்பித் தொடர்பு முறை) நூலகம் -1 என்ற மதிப்பைத் திருப்பித் தருகிறது. அதை ஒரு பைட்டில் வைத்தால் எட்டு பிட்டுகளும் 1 ஆகி 255 ஆகிவிடும். ஆர்டிசி சில்லுகள் எண்ணின் பத்தாமிடத்தை மேல் நான்கு பிட்டிலும் ஒன்றாமிடத்தை கீழ் நான்கு பிட்டிலும் வைப்பவை என்பதால், நூலகம் அந்த 255-ஐ 15 பத்துகள், 15 ஒன்றுகள் என்று பிரித்து, 150-உடன் 15-ஐக் கூட்டி 165 என்கிறது. நொடிக்கான பதிவகத்தில் (சில்லுக்குள் ஒரு மதிப்பை வைத்திருக்கும் சிறு நினைவிடம்) மட்டும் மேல் பிட்டை நீக்கிவிட்டுப் படிப்பதால் அங்கே 70-உம் 15-உம் சேர்ந்து 85 வருகிறது. எனவே 165 என்ற எண்ணை எங்கே பார்த்தாலும் நிரலை மூடி வைத்துவிட்டு, கம்பிகளைப் பாருங்கள்.

கம்பி என்று வரும்போது முதலில் பார்க்க வேண்டியது, எஸ்டிஏ (தரவுக் கம்பி), எஸ்சிஎல் (துடிப்புக் கம்பி) இரண்டும் உங்கள் போர்டுக்கு உரிய முனைகளில் இருக்கின்றனவா என்பது. ஊனோவில் அவை ஏ4, ஏ5. மெகாவில் 20, 21. லியோனார்டோவில் 2, 3. இஎஸ்பி32-இல் வழக்கமாக 21, 22. நோட்எம்சியூவில் டி2, டி1. ஊனோவுக்கு எழுதப்பட்ட படத்தைப் பார்த்து மெகாவில் ஏ4, ஏ5-இல் செருகியவர்களை நான் எண்ண முடியாத அளவு பார்த்திருக்கிறேன். அடுத்தது கிரவுண்ட்: மாட்யூலுக்கும் போர்டுக்கும் தனித்தனியாக மின்சாரம் கொடுத்திருந்தால், இரண்டின் கிரவுண்டும் இணைந்திருக்க வேண்டும். மூன்றாவது, மாட்யூலுடன் தனியாக வரும் ஊசி வரிசை. அதைப் பற்றவைக்காமல் துளையில் வெறுமனே செருகி வைத்தால் ஒரு கணம் தொடும், மறுகணம் விடும்.

ஐ2சி ஸ்கேனர் நிரலை (கம்பியில் பதில் தரும் முகவரிகளைக் காட்டும் நிரல்) ஓட்டினால் 57 வருகிறது, 68 வரவில்லை. இது எதைக் காட்டுகிறது?

பதினாறு நிலை எண்முறையில் 68 என்பது டிஎஸ்1307, டிஎஸ்3231 இரண்டுக்கும் உரிய முகவரி. 57 என்பது இசட்எஸ்-042 எனப்படும் பரவலான டிஎஸ்3231 மாட்யூலில் உடன் இருக்கும் ஏடி24சி32 நினைவகச் சில்லின் முகவரி. நினைவகம் பதில் தருகிறது என்றால் உங்கள் கம்பிகளும், அவற்றை மேல் மின்னழுத்தத்துக்கு இழுத்து வைக்கும் புல்-அப் மின்தடைகளும் சரியாகவே உள்ளன. கடிகாரச் சில்லின் கால்களில் பற்றவைப்பு விட்டிருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். இரண்டுமே வரவில்லை என்றால் முந்தைய பதிலுக்குத் திரும்புங்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு சிக்கலும் உண்டு. ஸ்கேனரில் 68 நன்றாகத் தெரியும், ஆனால் படிக்கும் நேரம் பொருளற்றதாக இருக்கும். அதே கம்பிகளில் எம்பியூ6050 என்ற அசைவு உணரியையும் இணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதன் இயல்பு முகவரியும் 68-தான். அதன் ஏடி0 முனையை உயர் மின்னழுத்தத்துடன் இணைத்தால் முகவரி 69 ஆகிவிடும். ஆர்டிசியின் முகவரியை மாற்ற வழியில்லை.

எஸ்டிஎம்32 பயன்படுத்துகிறேன். 68 என்று கொடுத்தால் பதில் இல்லை.

அங்கே வழக்கமான நூலகச் செயல்கள் முகவரியை ஒரு பிட் இடப்புறம் நகர்த்தித் தரச் சொல்கின்றன. 68-ஐ அப்படி நகர்த்தினால், அதே பதினாறு நிலை எண்முறையில் டி0 வரும். அதைக் கொடுங்கள்.

அதே டிஎஸ்1307 மாட்யூல் ஊனோவில் ஓடியது, 3.3 வோல்ட் போர்டில் ஓடவில்லை. ஏன்?

டிஎஸ்1307 என்பது 4.5 முதல் 5.5 வோல்ட் வரைக்குமான சில்லு. அது 3.3 வோல்ட்டில் தடுமாறுவதற்கு ஒரு நுட்பமான காரணம் உண்டு. முதன்மை மின்னழுத்தம், பேட்டரி மின்னழுத்தத்தின் 1.25 மடங்குக்குக் கீழே இறங்கினால் மின்வெட்டு வந்துவிட்டதாக அது முடிவு செய்து, வெளித் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும். பேட்டரி 3 வோல்ட் என்றால் அந்த எல்லை 3.75 வோல்ட். நீங்கள் தருவதோ 3.3. ஆகவே பேட்டரி நன்றாக இருக்கும்போது சில்லு ஊமையாகிறது. பேட்டரியைக் கழற்றினால் சில நேரம் பதில் தரவும் கூடும். பேட்டரியைப் போட்டதும் கெட்டுப்போகிறது என்று குழம்புகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

5 வோல்ட் கொடுத்து ஓட்டலாம் என்றால், மாட்யூலில் உள்ள புல்-அப் மின்தடைகள் எஸ்டிஏ, எஸ்சிஎல் கம்பிகளையும் 5 வோல்ட்டுக்கு இழுக்கும். இஎஸ்பி32 போன்ற 3.3 வோல்ட் சில்லுகளுக்கு அது நல்லதல்ல. இடையில் மின்னழுத்த மாற்றி வைப்பதைவிட, 2.3 வோல்ட் முதல் 5.5 வோல்ட் வரை வேலை செய்யும் டிஎஸ்3231-க்கு மாறிவிடுவதே என் பரிந்துரை.

மின்சாரம் போய் வந்தால் ஒவ்வொரு முறையும் 2000 ஜனவரி 1 என்று காட்டுகிறது.

சில்லு முற்றிலும் மின்சாரம் இழந்து மறுபடி பிறந்திருக்கிறது. அதாவது பேட்டரி வேலை செய்யவில்லை. போர்டின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பட்டன் செல் அதன் பிடியில் இருக்கும்போதே மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். புதிய சிஆர்2032 மூன்று வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். டிஎஸ்3231-க்கு 2.3 வோல்ட்டும் டிஎஸ்1307-க்கு 2 வோல்ட்டும் கீழ் எல்லைகள். செல்லில் மூன்று வோல்ட் இருந்தும் நேரம் அழிகிறது என்றால், பிடியின் உலோக நாக்கு செல்லைத் தொடாமல் வளைந்திருக்கலாம். அல்லது செல்லின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை எடுக்க மறந்திருக்கலாம். மீட்டரின் ஒரு முனையை செல்லின் மீது வைக்காமல் சில்லின் பேட்டரி காலிலேயே வைத்து அளந்தால் இந்த இரண்டு ஐயமும் தீரும்.

2000 அல்ல, ஒவ்வொரு ரீசெட்டுக்கும் ஒரே குறிப்பிட்ட நேரத்துக்குத் திரும்புகிறது. பேட்டரியை இரண்டு முறை மாற்றிவிட்டேன்.

அந்த நேரம், நீங்கள் நிரலைத் தொகுத்த நேரமாக இருக்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டு நிரல்களில், தொகுத்த நேரத்தைச் சில்லில் எழுதும் ஒரு வரி தொடக்கப் பகுதியில் இருக்கும். அது ரீசெட் ஆகும் ஒவ்வொரு முறையும் ஓடி, சரியாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பழைய நேரத்துக்குத் தள்ளிவிடுகிறது. பேட்டரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. மின்சாரம் இழந்ததா என்று சில்லிடம் கேட்டு, இழந்திருந்தால் மட்டும் நேரத்தை எழுதும்படி அந்த வரியை ஒரு நிபந்தனைக்குள் வையுங்கள். டிஎஸ்3231-இல் இதற்கென்றே நிலைப் பதிவகத்தின் மேல் பிட் இருக்கிறது. கடிகாரத் துடிப்பை உண்டாக்கும் அலைவியற்றி எப்போதாவது நின்றிருந்தால் அது 1 ஆகி, நீங்கள் அழிக்கும்வரை அப்படியே நிற்கும். டிஎஸ்1307-இல் அத்தகைய பிட் இல்லாததால், கடிகாரம் ஓடுகிறதா என்று மட்டுமே கேட்க முடியும்.

நேரம் அழியவில்லை, பின்னோக்கியும் போகவில்லை. ஆனால் மின்சாரம் இல்லாத நேரம் முழுவதும் கடிகாரம் நின்றுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

இதையும் பேட்டரிக் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது. பேட்டரி இல்லையென்றால் 2000-க்குப் போயிருக்கும். பதிவகங்களைக் காப்பாற்றும் அளவுக்குப் பேட்டரி நன்றாகவே இருக்கிறது, அலைவியற்றிதான் நின்றிருக்கிறது. டிஎஸ்3231-இன் கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் மேல் பிட் 1 ஆக இருந்தால், பேட்டரியில் ஓடும்போது அலைவியற்றியை நிறுத்திவிடு என்று பொருள். அலாரம் அமைக்க எழுதிய ஏதோ ஒரு வரி, அந்தப் பதிவகத்தில் ஒரு முழு பைட்டைக் கண்மூடித்தனமாக எழுதியிருக்கும். அந்த பிட்டை 0 ஆக்குங்கள்.

டிஎஸ்1307-இல் இதை ஒத்த பிட், நொடிப் பதிவகத்தின் மேல் பிட். அது 1 ஆக இருந்தால் மின்சாரம் இருந்தாலும் கடிகாரம் ஓடாது. புதிய சில்லுகள் பெரும்பாலும் இந்த நிலையிலேயே வரும். மேல் பிட்டை நீக்காமல் படிக்கும் நிரலில் நொடி 80 என்று அசையாமல் நிற்பது இதன் அடையாளம். ஒருமுறை நேரத்தை எழுதினால் ஓடத் தொடங்கும்.

நொடி 9-க்குப் பிறகு 16 வருகிறது.

முதல் பதிலில் சொன்ன பத்து, ஒன்று பிரிப்பை உங்கள் நிரல் செய்யவில்லை. சில்லில் 10 என்பது பதினாறு நிலை எண்முறையின் 10 போல எழுதப்பட்டிருக்கும். அதை நேரடியாகப் படித்தால் 16. மேல் நான்கு பிட்டைப் பத்தால் பெருக்கி, கீழ் நான்கு பிட்டுடன் கூட்டுங்கள். நேரத்தை எழுதும்போது இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்.

மாதத்தில் ஒரு நிமிடம் பின்தங்குகிறது. இது இயல்புதானா?

டிஎஸ்1307 என்றால் இயல்புதான். அதன் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர வேண்டும். இது 2-இன் 15-ஆம் அடுக்கு என்பதால், பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் சரியாக ஒரு நொடித் துடிப்பு கிடைக்கிறது. மலிவான படிகத்தின் துல்லியம் பத்து லட்சத்துக்கு 20 அளவில் இருக்கும். ஒரு நாளில் 86,400 நொடிகள் இருப்பதால், அந்தப் பிழை நாளுக்கு 1.7 நொடியாகவும் மாதத்துக்கு ஏறத்தாழ 52 நொடியாகவும் சேரும்.

இதில் வெப்பத்தின் பங்கு பலருக்குத் தெரிவதில்லை. இந்த வகைப் படிகம் 25 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் தன் உச்ச வேகத்தில் அதிர்கிறது. அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகவே ஆகும். மெதுவாகும் அளவு வெப்ப வேறுபாட்டின் இருமடிக்கு ஏற்பக் கூடும்: வேறுபாட்டை அதனாலேயே பெருக்கி, ஏறத்தாழ 0.035-ஆல் மறுபடி பெருக்கினால் பத்து லட்சத்துக்கு எவ்வளவு என்பது கிடைக்கும். மொட்டைமாடியில் வெயில் படும் இரும்புப் பெட்டிக்குள் 55 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வேறுபாடு 30; அதன் இருமடி 900; பிழை பத்து லட்சத்துக்கு 31-க்கு மேல்; அதாவது அந்த வெப்பத்திலேயே நீடித்தால் நாளுக்கு 2.7 நொடி. மேசையில் வைத்துச் சோதித்தபோது துல்லியமாக ஓடிய கடிகாரம், சித்திரை வெயிலில் பின்தங்குவதன் கணக்கு இதுதான். அதே கடிகாரம் கடுங்குளிரிலும் பின்தங்கும், முந்தாது.

டிஎஸ்3231 இந்தச் சிக்கலுக்காகவே உருவானது. அது படிகத்தைத் தன் உடலுக்குள்ளேயே வைத்து, 64 நொடிக்கு ஒருமுறை வெப்பத்தை அளந்து, அதற்கேற்ப அதிர்வைத் திருத்திக்கொள்கிறது. 0 முதல் 40 டிகிரி வரை அதன் பிழை பத்து லட்சத்துக்கு 2-க்குள் இருக்கும். ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும். டிஎஸ்3231எம் என்று இறுதியில் ஒரு எழுத்து கூடுதலாக உள்ள சில்லில் படிகத்துக்குப் பதில் நுண் எந்திர அதிரி இருக்கிறது. அதன் பிழை பத்து லட்சத்துக்கு 5 வரை போகலாம். வாங்கும்போது சில்லின் முதுகில் உள்ள எழுத்துகளைப் படித்துவிடுங்கள்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், டிஎஸ்3231-இன் 16 என்ற முகவரியில் (பதினாறு நிலை எண்முறையில் 10) உள்ள பதிவகத்தில் ஒரு திருத்த எண்ணை எழுதலாம். ஒரு படி என்பது 25 டிகிரியில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 0.1. முப்பது நாளில் 4 நொடி முந்துகிறது என்றால் பிழை பத்து லட்சத்துக்கு 1.5, எனவே 15 என்று எழுதலாம். நேர்மறை எண் கடிகாரத்தை மெதுவாக்கும், எதிர்மறை எண் வேகப்படுத்தும்.

நாளுக்கு நிமிடக் கணக்கில் பிழை வருகிறது என்றால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. டிஎஸ்1307-இன் படிகக் கால்களுக்கிடையே படிந்துள்ள பற்றவைப்புப் பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள். படிகம் 12.5 பிகோஃபாரட் சுமைக்கு உரியதா என்றும் பாருங்கள்.

டிஎஸ்3231 மாட்யூலில் போட்ட பேட்டரி உப்பிவிட்டது.

உடனே கழற்றிவிடுங்கள். மற்றக் கோளாறுகள் தவறான நேரம் காட்டுவதோடு முடிந்துவிடும். இது ஆபத்தும் கூட.

இசட்எஸ்-042 மாட்யூலில் ஒரு 200 ஓம் மின்தடையும் ஒரு டையோடும் சேர்ந்து, போர்டின் மின்சாரத்திலிருந்து பட்டன் செல்லுக்கு மின்னேற்றம் செய்கின்றன. மறுமின்னேற்றத்துக்கு உரிய எல்ஐஆர்2032 செல்லை மனத்தில் வைத்து அமைத்த சுற்று அது. நாமோ கடையில் எளிதாகக் கிடைக்கும் சிஆர்2032-ஐப் போடுகிறோம். அது மறுமின்னேற்றம் செய்யக் கூடாத செல். 5 வோல்ட் போர்டில், டையோடில் இழக்கும் 0.6 வோல்ட் போக, 4.4 வோல்ட் அதன் தலையில் இடைவிடாமல் ஏறிக்கொண்டே இருக்கிறது. உரிய எல்ஐஆர்2032-க்கே முழு மின்னேற்ற எல்லை 4.2 வோல்ட்தான் என்பதால், இந்தச் சுற்று எந்தச் செல்லுக்கும் ஏற்றதல்ல என்பதே என் கருத்து.

தீர்வு எளிது. மாட்யூலில் 201 என்று அச்சிட்ட மின்தடையை, டையோடுக்கு அருகில் உள்ளதை, சால்டரிங் அயர்னால் சூடாக்கி எடுத்துவிட்டு, சிஆர்2032-ஐப் போடுங்கள். கடிகாரச் சில்லுக்குச் செல்லும் பேட்டரிப் பாதை வேறு என்பதால் அது பாதிக்கப்படாது. 3.3 வோல்ட் போர்டில் டையோடுக்குப் பின் 2.7 வோல்ட்தான் மிஞ்சும் என்பதால், நல்ல செல்லுக்குள் மின்னேற்றம் போகாது. ஆனாலும் நாளை அதே மாட்யூலை 5 வோல்ட்டில் செருக மாட்டீர்கள் என்பதற்கு உறுதி இல்லை. எடுத்துவிடுவதே நல்லது.

எப்போதாவது ஒருமுறை மட்டும் ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும் நேரம் பதிவாகிறது.

நொடி, நிமிடம், மணி மூன்றையும் தனித்தனிக் கோரிக்கைகளாகப் படிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. 10:59:59-இல் மணியை 10 என்று படித்துவிட்டு, நிமிடத்தைப் படிப்பதற்குள் நேரம் 11:00:00 ஆகிவிட்டால், உங்களுக்குக் கிடைப்பது 10:00:00. ஏழு பதிவகங்களையும் ஒரே கோரிக்கையில் தொடர்ச்சியாகப் படித்தால், சில்லு அந்தக் கணத்தின் நகலை எடுத்து வைத்துத் தருவதால் இது நேராது.

இணையத்திலிருந்து நேரத்தை எடுத்து ஆர்டிசியில் எழுதுகிறேன். சரியாக ஐந்தரை மணி நேரம் குறைகிறது.

இணைய நேரச் சேவையகங்கள் உலகப் பொது நேரத்தைத் தருகின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் 19,800 நொடிகளைக் கூட்ட வேண்டும். ஐந்தரை மணி நேரம் கூடுதலாக வந்தால், எழுதும்போது ஒருமுறையும் படிக்கும்போது ஒருமுறையும் கூட்டியிருக்கிறீர்கள்.

டிஎஸ்3231-இன் அலாரம் முதல் முறை அடித்தது, பிறகு அடிக்கவே இல்லை.

அலாரம் நேரம் வந்ததும் சில்லு நிலைப் பதிவகத்தில் ஒரு கொடி பிட்டை 1 ஆக்கி, தன் குறுக்கீட்டு (இண்டரப்ட்) முனையைக் கீழ் மின்னழுத்தத்துக்கு இழுக்கிறது. அந்த பிட்டை நீங்கள் 0 ஆக்காதவரை முனை கீழேயே கிடக்கும். ஏற்கெனவே கீழே இருப்பது மறுபடி இறங்க முடியாதல்லவா? ஒவ்வொரு அலாரத்துக்குப் பிறகும் கொடியை அழியுங்கள். முதல் முறையே அடிக்கவில்லை என்றால், அந்த முனைக்குப் புல்-அப் மின்தடை இருக்கிறதா என்றும், அது சதுர அலைக்குப் பதில் குறுக்கீட்டுக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மோட்டார் அணையும்போது நிரல் உறைந்துவிடுகிறது. போர்டின் மின்சாரத்தை நிறுத்திப் போட்டாலும் சரியாவதில்லை.

இந்தச் சிக்கலில் நானே இரண்டு வாரம் திண்டாடியிருக்கிறேன். ஒரு தென்னந்தோப்பில், குறித்த நேரத்தில் பம்பை ஓட்டி நிறுத்தும் பெட்டி. மோட்டாரை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டர் விடும்போது எழும் மின் இரைச்சலால் மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட் ஆகிறது என்பது வரை எளிதில் பிடிபட்டது. மின்சாரத்தை முற்றாக நிறுத்திப் போட்ட பிறகும் ஏன் மீளவில்லை என்பதுதான் புரியவில்லை. எந்தக் கருவியும் நிறுத்திப் போட்டால் சரியாகிவிட வேண்டுமே!

ஆர்டிசிக்கு அந்த விதி பொருந்தாது, ஏனென்றால் அதற்குப் பேட்டரி இருக்கிறது. மைக்ரோகண்ட்ரோலர் ஒரு பைட்டைப் பாதி படித்துக்கொண்டிருந்த நிலையில் ரீசெட் ஆனால், டிஎஸ்3231 அடுத்த பிட்டைத் தருவதற்காக எஸ்டிஏ கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்தபடி, எஸ்சிஎல் துடிப்புக்காகக் காத்திருக்கும். போர்டின் மின்சாரம் போனாலும் பேட்டரியால் அதன் ஐ2சி பகுதி உயிரோடு இருக்கும். மின்சாரம் திரும்பும்போது அதே நிலையில் காத்திருக்கும். எஸ்டிஏ கீழே இருப்பதைப் பார்க்கும் மைக்ரோகண்ட்ரோலரோ, கம்பியில் வேறு யாரோ பேசுகிறார்கள் என்று எண்ணி, தானும் காத்திருக்கும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பேட்டரியைக் கழற்றினால் விடுபடும், ஆனால் நேரம் போய்விடும்.

நிரலின் தொடக்கத்தில், ஐ2சி நூலகத்தைத் தொடங்குவதற்கு முன், எஸ்டிஏ கம்பி கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது மேலே வரும்வரை எஸ்சிஎல் முனையைக் கையால் இயக்குவதுபோல் ஒன்பது முறை வரை துடிக்கச் செய்து, பிறகு ஒரு நிறுத்தக் குறிகை அனுப்புங்கள். மீதியிருந்த பிட்டுகளைத் தந்து முடித்து, சில்லு கம்பியை விட்டுவிடும். நிரல் நடுவில் உறைவதைத் தவிர்க்க, அர்டுயினோவின் ஐ2சி நூலகத்தில் உள்ள கால வரம்பு வசதியை இயக்குங்கள். ஊனோ வகைப் போர்டுகளில் அது இயல்பாக அணைந்தே இருக்கும். இரைச்சலையும் அதன் பிறப்பிடத்தில் குறைக்க வேண்டும்: மாறுமின்னோட்டக் காண்டாக்டர் சுருளின் குறுக்கே மின்தேக்கியும் மின்தடையும் தொடராக அமைந்த ஸ்னப்பரையும், நேர்மின்னோட்ட ரிலே என்றால் ஒரு டையோடையும் போடுங்கள். ஆர்டிசிக்குச் செல்லும் கம்பிகள் ஒரு சாணுக்குள் இருக்கட்டும். மோட்டார் கம்பிகளோடு அவற்றை ஒரே குழாயில் இழுக்க வேண்டாம். தோப்புப் பெட்டியில் நான் இழுத்திருந்தது அப்படித்தான், ஒன்றரை மீட்டருக்கு.